தோட்டப் பாடசாலையும் பாடசாலைத் தோட்டமும்

'தோட்டம்' என்னும் சொல் தமிழகத்துச் சிற்றூரொன்றில் வழங்குமிடத்து, வீட்டின் பின்புறத்தே கிணற்றடியைச் சார்ந்து கத்தரியும் வாழையும் வளரும் சிறு நிலத்தையே சுட்டும். அச்சொல் கடல் கடந்து இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பல நூறு ஏக்கர் பரப்பும், தொழிற்சாலையும், துரை பங்களாவும், லயன் வரிசைகளும், பெரட்டுக்களமும் அடங்கிய ஒரு தனி இராச்சியத்தின் பெயராயிற்று. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலாய பகுதிகளிலிருந்து வந்த மக்கள் தாம் விட்டுவந்த பொருளின் பெயரையே தம்மை விழுங்கிக்கொண்ட பொருளுக்கும் இட்டனர். ஒரு சொல்லின் பொருள் விரிந்தது. அதனைச் சொல்லியோரின் நிலம் சுருங்கியது.

'தோட்டப் பாடசாலை' என்றால் என்னவென்பதை ஹற்றனிலோ நுவரெலியாவிலோ எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'பாடசாலைத் தோட்டம்' என்பது அதனின் வேறானது. மாணவர் தம் கையால் மண்ணைக் கொத்தி, விதையிட்டு, நீரூற்றி, விளைந்ததைக் கொய்து, அச்செயலினூடே உயிரியலும் கணிதமும் கூட்டுழைப்பும் கற்கும் இடம் அது. இரு தொடர்களிலும் சொற்கள் இரண்டே. வரிசை மாத்திரமே மாறியுள்ளது. எனினும் முதலாவது நூறாண்டுகளுக்கு மேலாக மலையகத்தில் நிலைபெற்றிருக்க, இரண்டாவது அங்கு மீண்டும் மீண்டும் நடப்பட்டும் வேர்கொள்ளாது போயிற்று. இதற்குரிய காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவர் சோம்பலையும் பெற்றோர் அறியாமையையும் காரணமாகக் காட்டுவோர் இன்றும் உளர். வரலாறு காட்டும் விடை வேறு.

பாடசாலைத் தோட்டம் பற்றிய சிந்தனை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதிர்ச்சியடைந்தது. சிறுவர் பூங்கா முறையின் தந்தையெனப் போற்றப்படும் ஜேர்மானியக் கல்வியாளர் பிரோபல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தியும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பாத்தியும் வேண்டுமென்றார். ஒஸ்திரியப் பேரரசின் 1869ஆம் ஆண்டுப் பாடசாலைச் சட்டம் கிராமப் பாடசாலைகளுக்குத் தோட்டத்தை விதித்தது. அந்த அலை இலங்கைக் கரையைத் தொட நெடுங்காலம் செல்லவில்லை. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக 1896 தொடக்கம் கடமையாற்றிய ஜே. சீ. வில்லிஸ் என்பாரின் ஊக்கத்தால் 1901ஆம் ஆண்டில் இந்நாட்டு அரசாங்கப் பாடசாலைகளில் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் மேற்பார்வை ஸீ. ட்ரீபேர்க் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. கொழும்பிலிருந்த அரசினர் தோட்டத்திலிருந்து விதைகளும் நாற்றுகளும் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டன. 1904இல் இலங்கை விவசாயச் சங்கமும், 1912இல் விவசாயத் திணைக்களமும் தோன்றுவதற்கு முன்னரே சிறுவர்களின் பாத்திகள் தோன்றிவிட்டன என்பது ஈண்டு நோக்கற்பாலது. விவசாய விருத்திக்குரிய அரச நிறுவனங்களுக்கு முன்னோடியாகச் சிறுவர் கைகளே அமைந்தன எனினும் மிகையாகாது.

எனினும் இத்திட்டம் கிராமத்துப் பாடசாலைகளை மனத்திற்கொண்டே எழுந்தது. கிராமத்துப் பிள்ளை பாடசாலைப் பாத்தியிற் கற்ற புதிய முறையை வீட்டுக்குக் கொண்டுசெல்லும். தந்தை அதைக் கண்டு தன் காணியிற் செய்து பார்ப்பான். இவ்வாறு ஊரே திருந்தும். திட்டத்தின் உட்கிடை இதுவே. அதற்குத் தந்தையிடம் காணி இருத்தல் வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை எவரும் எழுத்தில் வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் கிராமத்தில் எழவில்லை.

அக்காலத்தில் மலையகத்துப் பிள்ளைகளின் நிலை யாதாக இருந்தது? தோட்டப் பிள்ளைகளின் கல்வியை ஆராய 1905இல் வேஸ் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதனையடுத்து வந்த 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமாரிடமே ஒப்புவித்தது. எவருடைய இலாபம் அப்பிள்ளைகளின் உழைப்பில் தங்கியிருந்ததோ, அவரே அப்பிள்ளைகளின் கல்விக்கும் காவலராக்கப்பட்டார். பூனைக்குப் பாற்குடத்தைக் காவல் வைத்தது போலாயிற்று இது. எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு என்பவற்றோடு பாடம் நிறைவுற்றது. ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், அதனுள்ளேயே எல்லா வகுப்புகளும் என்னும் நிலை பல தோட்டங்களில் அடுத்த பல பத்தாண்டுகளுக்கும் நீடித்தது.

பத்து வயதுக்கு மேல் பிள்ளைக்கு வேறு பாடம் காத்திருந்தது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் நிறைவேறி, அதன்வழி நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என அமைந்தது. சட்டப் புத்தகத்திலேயே பிள்ளைக்கெனத் தனிப் பத்தி இருந்தது. புல்லு வெட்டுதல், கொழுந்தெடுத்தல், பூச்சி முட்டை பொறுக்குதல் ஆகியன அப்பத்தியின் பொருளாகும். நிலத்திற் கைவைத்துப் பழகுதலே கல்வி எனின், மலையகத்துப் பிள்ளையை விடக் கற்ற பிள்ளை இந்நாட்டில் இருந்திருக்க முடியாது.

இவ்விடத்தில் சற்றுத் தரித்து ஓர் ஒப்பீட்டைச் செய்தல் தகும். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் செய்முறை விவசாயக் கல்வியின் மிகச் சிறந்த கூடங்களாக ஒருசாராருக்கு விளங்கின. ஆங்கில நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள், தேர்ந்த துரையொருவரிடம் பணம் கட்டிப் பயிலுநராகச் சேர்வது வழக்கமாயிருந்தது. 'கிறீப்பர்' என அவர்கள் அழைக்கப்பட்டனர். கொழுகொம்பைப் பற்றிப் படரும் கொடி என்பது அதன் பொருள். நாற்றுமேடை முதல் தொழிற்சாலை வரை ஒவ்வொரு வேலையையும் உடனிருந்து பார்த்து, கவ்வாத்துக் கத்தியைத் தாமே பிடித்து, கான் வெட்டும் அளவைத் தாமே அளந்து அவர்கள் கற்றனர். தொழிலாளரோடு பேசுவதற்குத் தமிழும் கற்றனர். அதற்கென எழுந்த கைந்நூலொன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். அந்நூலின் தலைப்பிலேயே உறவுமுறை முழுவதும் அடங்கிவிடுகிறது. பயிற்சி முடிந்ததும் கிறீப்பர் சின்னத்துரையானார், பின்னர் பெரியதுரையுமானார். செய்து கற்றல் என்னும் முறை அவரை நிலத்தை ஆள்பவராக உயர்த்தியது.

அரசாங்கமும் இவ்வகைக் கல்விக்குக் கைகொடுத்தது. நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலைப் பூங்கா 1861இல் தோற்றுவிக்கப்பட்டதே சிங்கோனாச் செய்கையைப் பரிசோதித்துக் கன்றுகளைத் தோட்டத்துரைமாருக்கு வழங்குவதற்காகவே. 1869இல் கோப்பியை இலைநோய் பற்றத் தொடங்கியபோதும், அதனைத் தொடர்ந்து மலைநாடு தேயிலைக்கு மாறியபோதும் தாவரவியலாளரின் அறிவுரை துரைமாரைத் தேடிச் சென்றது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது.

அந்நிலையத்தின் வரலாற்றில் ஒரு செய்தி என் கருத்தை நன்கு விளக்கும். தேயிலையின் முதிர்ந்த இலைகளில் அந்துப்பூச்சியொன்று மீன்செதில் போலத் தட்டையாக முட்டைக் கூட்டங்களை இடும். அவற்றிலிருந்து வெளிவரும் புழுக்கள் இலைகளைச் சுருட்டிப் பிணைத்துத் தின்று அழிக்கும். இம்முட்டைகளைப் பொறுக்கும் வேலை பெரும்பாலும் சிறுவர்க்கே கொடுக்கப்பட்டது. அவர்களின் கண் கூர்மையானது, கூலி குறைவானது. 1935ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சி நிலையத்தார் யாவாத் தீவிலிருந்து ஒருவகைக் குளவியினத்தை வருவித்துப் பரப்பினர். அது அப்புழுக்களின் உடலிலேயே முட்டையிட்டு அவற்றை அழித்தது. உலகின் உயிரியற் கட்டுப்பாட்டு முயற்சிகளுள் வெற்றிபெற்ற ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. பல்லாயிரம் முட்டைக் கூட்டங்களைத் தம் விரலாற் பறித்த பிள்ளைகளுக்கு அந்த அந்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுதல் அரைநாட் பாடமாக அமைந்திருக்கும். பார்த்தற்குப் பூச்சி கையிலிருந்தது. கேட்டற்கு ஆர்வமும் இருந்திருக்கும். சென் கூம்ஸ் மலைக்கும் அடுத்த மலையின் தோட்டப் பாடசாலைக்கும் இடையே இருந்த தொலைவு மைல் கணக்கில் அளக்கத்தக்கதன்று.

இனி, மக்கள் தாமே நடத்திய கல்வியொன்றைக் குறிப்பிட வேண்டும். எந்த ஆணைக்குழுவின் அறிக்கையிலும் அது பாடசாலையாகப் பதிவு பெறவில்லை. லயனின் பின்புறத்திலும், கானின் ஓரத்திலும், தேயிலை நடுவதற்கு உதவாத பாறைச் சரிவிலும் தொழிலாளர் சிறு சிறு மரக்கறிப் பாத்திகளை அமைத்தனர். கம்பும் கேழ்வரகும் விளைந்த வறண்ட நிலத்தின் பிள்ளைகள், உறைபனி விழும் உயரத்தில் எதை எப்போது நடுவது என்பதைத் தட்டுத்தடுமாறியே கற்றனர். 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலப் பாணியிற் பண்ணையொன்றை நிறுவ முயன்ற சாமுவேல் பேக்கர் எழுதிய நூலைப் படித்தால், பணமும் ஆளும் கால்நடையும் கொண்டுவந்த அவரே அந்த மண்ணிடம் எத்தனை முறை தோற்றார் என்பது புலனாகும். கையில் ஒரு மண்வெட்டியும் ஒரு கூடை மாட்டெருவும் மாத்திரமே உடையோர் அதே மண்ணில் கோவாவும் லீக்ஸும் நோக்கோலும் விளைவித்தமையை எவரும் நூலாக எழுதவில்லை.

என் அப்பாயி அத்தகைய ஒருவர். ஹற்றன் பகுதித் தோட்டமொன்றில் ஐம்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்தவர். லயனின் பின்னால் எட்டடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட துண்டில் அவர் அமைத்த பாத்திகள் மூன்று. மேற்பாத்தியில் லீக்ஸ், நடுவில் போஞ்சி, கீழ்ப்பாத்தியில் கானின் ஈரத்தை நம்பிச் சேம்பு. கூரையோரம் ஏறிய சவ்சவ் கொடி ஒன்று. மழை கரைத்த மண் கீழே தங்குமென்பதால் ஆண்டுதோறும் கீழ்ப்பாத்தியின் மண்ணைக் கூடையிற் சுமந்து மேற்பாத்தியிற் கொட்டுவார். மண்ணரிப்பு என்னும் சொல்லைப் பல்கலைக்கழகத்துப் புவியியல் விரிவுரையிற் கேட்டபோது எனக்கு அந்தக் கூடையே நினைவில் வந்தது. ஏழு வயதில் என் வேலை, போஞ்சி விதையை விரல் முதற்கணு அளவுக்குப் புதைப்பது. "கணுவுக்கு மேல போனா அது தூங்கிப்போவும், கீழ நின்னா காக்காய் தின்னுடும்" என்பார். அளவை பற்றிய முதற் பாடத்தை நான் அங்கேயே பெற்றேன்.

அதே அப்பாயி, நான் ஆறாம் வகுப்பிற் படிக்கும்போது பாடசாலையில் மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார்கள் என்றதும் கொதித்தெழுந்தார். "மம்பட்டி பிடிக்கவா உன்னைய பள்ளிக்கூடம் அனுப்புறோம்? அதுக்கு நான் இருக்கேன், உங்கப்பன் இருக்கான்" என்பது அவர் வாதம். அன்று அது எனக்கு முரண்பாடாகத் தோன்றியது. பாத்தியில் இறங்கும் என்னைக் கொஞ்சியவர், பாடசாலைப் பாத்தியை ஏன் வெறுத்தார்? இலங்கைக் கல்வி வரலாற்றைப் படித்த பின்னரே, அவர் கேட்ட கேள்வி இந்நாட்டில் மிகப் பழைமையானதென உணர்ந்தேன்.

1930களில், சீ. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், பேராதனைக்கு அணித்தாயுள்ள ஹந்தெஸ்ஸ என்னுமிடத்தில் தோன்றி அவ்விடத்தின் பெயராலேயே வழங்கிய கிராமியக் கல்வித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்துச் சூழலையே பாடநூலாகக் கொண்டு, விவசாயமும் கைத்தொழிலும் உடல்நலமும் செய்முறையாற் கற்பிக்க அது முயன்றது. அதே பத்தாண்டில், 1937 ஒக்டோபரில், வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாடு கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை வகுத்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1927 நவம்பரில், காந்தியடிகள் இலங்கைக்கு வந்து மலைநாட்டுத் தொழிலாளரையும் சந்தித்துச் சென்றிருந்தார். இரு திட்டங்களும் உயர்ந்த நோக்கமுடையவை. திறமைவாய்ந்தோரின் சிந்தனையில் விளைந்தவை. ஹந்தெஸ்ஸத் திட்டம் நீடிக்கவில்லை. ஆங்கிலக் கல்வி பெற்றோர் அரசாங்க உத்தியோகம் பெற, தம் பிள்ளைக்கு மாத்திரம் மண்வெட்டியா எனக் கிராமத்துப் பெற்றோர் ஐயுற்றனர். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது மக்கள் திரண்டு நாடியது நூற்கல்வியையே.

கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் பொஸ்ரர் என்னும் அறிஞர் 1965இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஆபிரிக்கப் பெற்றோர் தொழிற்கல்வியைத் தவிர்த்து நூற்கல்வியை நாடுவது மடமையன்று, எந்தக் கல்வி எந்த ஊதியத்தைத் தருமென்பதைக் கணித்தறிந்த விவேகமே என நிறுவினார். இதனை வாசித்தபோது, எழுத்தறியாத என் அப்பாயி ஓர் ஆய்வாளரின் முடிவை அடுப்படியிலிருந்தே கூறிவிட்டார் என்னும் எண்ணம் எழுந்தது. மலையகத்தில் இக்கணிப்பு இன்னும் கடுமையானது. கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டி தந்தையின் காணியை நினைவூட்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது கங்காணியின் குரலையே நினைவூட்டும்.

காணியின்மை தற்செயலாக நேர்ந்ததன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் முடிக்குரிய நிலங்களை இலங்கையர்க்கே வழங்குமாறு வகுக்கப்பட்டது; இந்திய வம்சாவளியினர் அவ்வரையறைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. வறண்ட வலயத்தில் புதிய குடியேற்றங்கள் பெருகிய காலத்தில், தலைமுறை தலைமுறையாக நிலத்தையன்றி வேறொன்றும் அறியாத மக்கள் அந்நிலப் பங்கீட்டுக்கு வெளியே நின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் அவருட் பெருந்தொகையினர் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும். ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை தொழின்முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. மாணவர் தம் சுற்றாடலிலுள்ள விவசாயத்தையோ மீன்பிடியையோ மட்பாண்டத் தொழிலையோ கள ஆய்வு செய்து, கையாற் செய்து கற்க வேண்டுமென விதிக்கப்பட்டது. மலையகத்தைப் பொறுத்தவரை இதனால் நன்மையோ தீமையோ பெரிதாக விளையவில்லை. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் தரத்தோடு முடிவடைந்தன. ஆறாம் தரத்துக்குரிய சீர்திருத்தம் அவற்றின் வாயிலையே மிதிக்கவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் அதே ஆண்டுகளில் மலையகம் வேறொரு பாடத்தைக் கற்றது. 1973இலும் 1974இலும் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. நாட்டில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. 'உணவு உற்பத்திப் போர்' என அரசாங்கம் முழங்கியது. கிராமத்தவன் தன் வளவில் மரவள்ளியாவது ஊன்றிப் பிழைத்தான். சம்பளத்தையும் பங்கீட்டுப் புத்தகத்தையும் தவிர வேறெதுவுமற்ற தோட்டத் தொழிலாளி எதை ஊன்றுவான், எங்கே ஊன்றுவான்? 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. உலகின் சிறந்த தேயிலை விளையும் மண்ணில் நின்று மக்கள் பட்டினியால் மாண்டனர். அப்பஞ்சகாலத்தைப் பற்றிப் பேசும் எங்கள் லயன் முதியோர் ஒருவரேனும் மண்ணைக் குறை கூறக் கேட்டதில்லை. 'இடமில்லை' என்பதையே அவர்கள் கூறினர்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலம் தொழிலாளர்க்குக் கிட்டுமென எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்க எடுத்த முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தனர். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அவர் உயிர் நீத்தது கூலி உயர்வுக்காகவன்று. தொழிலாளர் எவருக்கும் ஒரு பேர்ச்சேனும் உரிமையில்லாத அந்நிலம் தம் காலடியிலிருந்து நழுவாதிருத்தற்காகவே ஆகும்.

மலையக மக்களுக்குச் செய்முறை விவசாயக் கல்வி உண்மையாகவே கிடைத்த ஓரிடம் மலையகத்துக்கு வெளியே அமைந்தது. பஞ்சத்தாலும், 1977ஆம் ஆண்டின் இனக் கலவரத்தாலும் துரத்தப்பட்டு வவுனியாப் பக்கம் சென்ற குடும்பங்களைக் கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் முன்னின்று நடத்திய காந்தீயம் இயக்கம் குடியமர்த்தியது. மாதிரிப் பண்ணைகளும் பாலர் பாடசாலைகளும் அங்கு எழுந்தன. தேயிலையின்றி வேறு பயிர் அறியார் எனக் கருதப்பட்டோர், வெயில் கொளுத்தும் தாழ்நிலத்தில் காடு திருத்திப் பயிரிட்டனர். ஹற்றனில் மண்வெட்டியை வெறுத்த அதே கைகள் வவுனியாவில் அதனை விரும்பிப் பற்றின. மலையிலிருந்து இறங்கியதால் மனம் மாறியதென எவரேனும் கூறின் அதனை ஏற்க இயலாது. வெட்டிய நிலம் தம்முடையதாகும் என்னும் நம்பிக்கை ஒன்றே அங்கு புதிதாயிருந்தது. அந்நம்பிக்கையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1983இல் இருவரும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார்.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றல் 1977ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாக நிகழ்ந்தது. பின்னர் சுவீடன், ஜேர்மன் நாடுகளின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இன்று விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் சாதாரண தரப் பரீட்சைக்குரிய பாடமாகும். பாடநூலில் நாற்றுமேடையின் நீள அகலங்கள் உள்ளன; பாடசாலை வளவிலோ பல இடங்களில் அந்நீள அகலத்துக்கு இடமில்லை. கட்டடத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டு தேயிலை நிற்கும். பாடசாலையொன்றுக்கு இரண்டு ஏக்கர் என்பது நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் அளவு. 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபின், ஒரு பாடசாலைக்குக் காணி பிரிப்பதென்பது அதிபரின் கையில் உள்ள காரியமாக இல்லை.

நான் பயின்ற பாடசாலையில் நிகழ்ந்ததைக் கூறுவேன், பெயர் வேண்டாம். அப்பாயியின் எதிர்ப்பையும் மீறி நான் மண்வெட்டி கொண்டுசென்ற அந்த ஆண்டில், எங்கள் வகுப்பார் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஆறு பாத்திகள் அமைத்தோம். கரட்டும் பீற்றூட்டும் முளைத்து மூன்றிலை விட்ட சமயத்தில், அந்த ஓரம் தோட்டத்துக்குரியது எனக் கூறி ஒருநாட் காலையில் ஆட்கள் வந்து கான் வெட்டிச் சென்றனர். ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. அன்றைய விவசாயப் பாடவேளையில் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர் இருந்தோம். அதன்பின் சாதாரண தரத்தில் விவசாயத்தைப் பாடமாகத் தெரிவுசெய்தோர் நால்வரே. நானும் அந்நால்வருள் ஒருவனல்லேன்.

2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022இல் நாட்டின் பொருளாதாரமே நிலைகுலைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையளித்து வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் பாடசாலைத் தோட்டம் மீண்டும் புதுச் சொல்லாயிற்று. 1901இல் வில்லிஸ் கூறியதும், ஹந்தெஸ்ஸவிற் கூறப்பட்டதும், 1972இற் கூறப்பட்டதும் வேறு வேறு சொற்களில் திரும்ப ஒலித்தன. வெள்ளிக்கிழமை விடுமுறை கொழுந்தெடுப்போருக்கு இருக்கவில்லை.

இதற்கிடையே லயன்களுக்கு மாற்றாக எழும் தனிவீடுகளுக்கு, வீட்டோடு ஏழு பேர்ச் நிலம் என்னும் முறை 2015இன் பின்னர் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோரும் முன்வைத்த கோரிக்கைகளுள் நிலவுரிமை முதன்மையானது.

சென்ற விடுமுறையில் என் பழைய பாடசாலைக்குச் சென்றிருந்தேன். திடலின் ஓரத்தில் கான் இன்னும் ஓடுகிறது. வகுப்பறைத் தாழ்வாரத்தில் வெற்று உரப்பைகள் நாற்பது வரிசையாக நின்றன. மண்ணும் மாட்டெருவும் நிரப்பி, பையொன்றுக்கு ஒரு கோவாக் கன்று. ஒவ்வொரு பையிலும் ஒரு பிள்ளையின் பெயர். நிலம் கேட்டு எவரும் வரமாட்டார், வந்தாலும் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என விவசாய ஆசிரியை சிரித்துக்கொண்டே கூறினார். அவரும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான்.

அன்று எட்டாம் தரத்துக் கணிதப் பாடம் திடலில் நடந்தது. ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடிச் சதுரம்; ஏழு பேர்ச் ஏறத்தாழ 1905 சதுர அடி. பிள்ளைகள் கயிறு பிடித்து முளையடித்து அதனை அளந்தனர். அதனுள்ளே 550 சதுர அடி வீட்டைச் சுண்ணாம்பினாற் கோடிட்டனர். எஞ்சிய 1355 சதுர அடியில் கழிப்பறைக்கும் நடைபாதைக்கும் போக எவ்வளவு மிஞ்சும் என்பது கணக்கு. ஒரு சிறுமி வீட்டின் பின்புறத்தே சென்று நின்று, மேற்குச் சரிவைக் காட்டி, "இங்க மூணு பாத்தி போடலாம், டீச்சர்" என்றாள்.